சொறியும் நாய், பழி சுமக்கும் கோழி

வீட்டு நாய் இரவெல்லாம் சொறிகிறது, பாதங்களை நக்கி நக்கி வெள்ளை ரோமம் செம்பழுப்பாகிவிட்டது, காதில் நாற்றம் வருகிறது என்றால் நம் வீடுகளில் முதலில் மாறுவது அதன் சாப்பாடு. கோழியை நிறுத்திப் பார்க்கிறார்கள். பத்து நாளில் பலன் தெரியாவிட்டால் பாக்கெட் தீவனத்தை வேறு கம்பெனிக்கு மாற்றுகிறார்கள். அதுவும் சரிவராவிட்டால் தயிர்சாதம். பக்கத்து வீட்டுக்காரர், செல்லப்பிராணிக் கடைக்காரர், வாட்ஸ்அப் குழு என்று ஆளுக்கொரு யோசனை சொல்ல, ஆறு மாதத்தில் அந்த நாய் ஆறு விதமான உணவைத் தின்று முடித்திருக்கும். அரிப்பு மட்டும் அப்படியே இருக்கும். உணவுக்கும் அரிப்புக்கும் தொடர்பே கிடையாது என்று சொல்ல வரவில்லை. சில நாய்களுக்கு உணவுதான் முழுக் காரணம். குற்றவாளியான அந்தப் பொருளை நிறுத்தினால் அவற்றுக்கு அரிப்பு மருந்தே தேவைப்படாது. ஆனால் எந்த நாய் அந்தச் சிலவற்றில் ஒன்று என்று கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பூச்சி, அடுத்து தோல் தொற்று, அதன் பிறகே உணவு. இந்த வரிசையைக் கலைத்துவிட்டுத் தேடினால் கிடைக்கும் எந்த விடையையும் நம்ப முடியாது.

எண்களைப் பார்த்தாலே இது புரியும். நாய்களின் தோல் ஒவ்வாமை பற்றி நெடுங்காலமாக ஆராயும் கால்நடை மருத்துவர்கள் தியெரி ஒலிவ்ரி, ரால்ஃப் முல்லர் இருவரும் அதுவரை வெளியான ஆய்வுகளைத் திரட்டி 2017இல் ஒரு கணக்கைத் தந்தார்கள். எந்த நோய்க்காக வந்தாலும் சரி, மருத்துவரிடம் வரும் எல்லா நாய்களையும் எடுத்துக்கொண்டால் உணவு ஒவ்வாமை உள்ளவை நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். அரிப்புக்காக வரும் நாய்களை மட்டும் பார்த்தால் 9 முதல் 40 சதவீதம் வரை, ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. பெரிய எண்ணையே ஏற்றுக்கொண்டாலும், அரிக்கும் பத்து நாய்களில் ஆறுக்கு உணவு காரணமில்லை. அந்த ஆறில் ஒன்றாக நம் வீட்டு நாய் இருந்தால், எத்தனை தீவனம் மாற்றினாலும் பயனில்லை.

தமிழ்நாட்டுச் சமவெளியில் அரிப்பு என்றதும் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மேல்தான் விழ வேண்டும். குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் தெள்ளுப்பூச்சியின் பெருக்கம் அடங்கும். சென்னையிலோ மதுரையிலோ அப்படி ஒரு பருவமே கிடையாது; வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் முட்டையிலிருந்து மூன்று வாரத்தில்கூட முழுப் பூச்சி வந்துவிடும். நாயின் மேல் நாம் காணும் பூச்சிகள் மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான். மீதி எல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகக் கால்மிதியிலும் சோபா இடுக்கிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கும். அதனால் நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டுப் பூச்சி போய்விட்டது என்று நினைப்பது சரியல்ல. கூட்டுப்புழுக்கள் பொரிந்து வரவர நாய் மறுபடி கடிபடும்.

‘எங்கள் நாய் மேல் ஒரு பூச்சிகூட இல்லையே’ என்பது இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு. ஒவ்வாமை உள்ள நாய்க்கு நூறு பூச்சிகள் வேண்டியதில்லை. பூச்சியின் உமிழ்நீர்தான் அதற்கு ஆகாது. சில கடிகளே பல நாள் அரிப்புக்குப் போதும். அரிப்பு தாங்காமல் ரோமத்தைக் கடித்துக் கடித்து, மேலே இருந்த பூச்சியை அந்த நாயே விழுங்கியும் இருக்கும். அரிப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்ல துப்பு. வாலுக்கு மேலே, இடுப்புப் பகுதியில் ரோமம் உதிர்ந்து புண்ணாகியிருந்தால் தெள்ளுப்பூச்சியைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ரோமத்தை வாரும்போது விழும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் தேய்த்தால் சிவப்பாகக் கரையும். அது பூச்சியின் கழிவில் உள்ள ரத்தம். காது ஓரமும் முழங்கையும் செதிலடித்து வெறித்தனமாகச் சொறிந்தால் சிரங்கை உண்டாக்கும் சிற்றுண்ணி இருக்கலாம். அது மனிதருக்கும் ஒட்டும். நாயோடு சேர்ந்து வீட்டில் இருப்பவர்களும் சொறிய ஆரம்பித்தால் மருத்துவரிடம் அதை அவசியம் சொல்ல வேண்டும். இந்தச் சிற்றுண்ணி தோலைச் சுரண்டிப் பார்க்கும் சோதனையில் பல முறை அகப்படாது என்பதால், சந்தேகம் வலுவாக இருந்தால் மருத்துவர்கள் சிகிச்சையே கொடுத்துப் பார்ப்பார்கள். 2014 வாக்கில் வரத் தொடங்கிய ஃப்ளூரலானர் வகை மாத்திரைகள் தெள்ளு, உண்ணி, சிற்றுண்ணி மூன்றையுமே தாக்குவதால் இந்த வேலை எளிதாகிவிட்டது. வலிப்பு வந்த நாய்களுக்கு இவற்றைக் கொடுக்கும்முன் மருத்துவரிடம் பேச வேண்டும். 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. ஐவர்மெக்டின் ஊசியைச் சொந்தமாக வாங்கிப் போடும் பழக்கம் இன்னும் அபாயமானது. கோலி இன நாய்களிலும் அவற்றின் உறவினங்களிலும் ஒரு மரபணுக் குறையால் அந்த மருந்து மூளைக்குள் சென்று உயிரையே எடுக்கும். பூச்சி மருந்து வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் சேர்ந்து, குறைந்தது மூன்று மாதமாவது தொடர வேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்கு விடக்கூடாது. அது பூனைக்கு விஷம்.

பூச்சி இல்லை என்று ஆன பிறகும் நாற்றம், பிசுபிசுப்பு, சின்னச் சின்னக் கொப்புளம், வட்டமாக உரியும் செதில் ஆகியவை இருந்தால் அடுத்தது தொற்று. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவும் மலசீஸியா என்ற ஈஸ்ட்டும் ஆரோக்கியமான நாயின் தோலிலேயே குடியிருப்பவை. ஏதோ ஒரு காரணத்தால் தோல் அழன்றதும் அவை பன்மடங்காகப் பெருகித் தாமே தனியாக அரிப்பை உண்டாக்குகின்றன. எந்த ஒவ்வாமை இருந்தாலும் இந்தத் தொற்று மேலே ஏறிக்கொள்ளும் என்பதால்தான் உணவு மாற்றம் இத்தனை பேரை ஏமாற்றுகிறது. உண்மையிலேயே கோழி ஒவ்வாமை உள்ள நாய்க்குக் கோழியை நிறுத்தினாலும், தொற்று அப்படியே இருந்தால் அரிப்பு நிற்காது. ‘கோழி காரணமில்லை’ என்று தவறாக முடிவுகட்டி மறுபடி கோழியைப் போடுவார்கள். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். தீவனத்தை மாற்றிய அதே வாரம் மருத்துவர் தொற்றுக்கும் மருந்து கொடுத்திருப்பார். அரிப்பு குறைந்ததும் பெயர் தீவனத்துக்குப் போய்விடும். ஒட்டும் டேப்பைத் தோலில் ஒத்தியெடுத்து, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இந்தத் தொற்று தெரிந்துவிடும். சில நிமிட வேலைதான். அரிப்போடு வரும் ஒவ்வொரு நாய்க்கும் இதைச் செய்யும்படி கேட்க வளர்ப்பவருக்கு உரிமை உண்டு. கேட்கத் தயங்க வேண்டாம்.

வீட்டுக் கவனிப்பு உண்மையாகப் பலன் தருவது இந்த இடத்தில்தான். நம் வீடுகளில் கெடுதல் நடப்பதும் இங்கேதான். நாயின் தோல் மனிதத் தோலைவிட மெல்லியது. அதன் அமிலத்தன்மையும் குறைவு. நாம் தேய்த்துக் குளிக்கும் சோப்பும், தண்ணீரில் ஊற்றும் கிருமிநாசினியும் அந்தத் தோலின் எண்ணெய்ப் படலத்தைக் கரைத்து, அரிப்பை அதிகமாக்கும். தொற்று இருந்தால் குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்புவை மருத்துவர் எழுதிக்கொடுப்பார். அதைத் தேய்த்துப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். உடனே கழுவினால் காசுதான் போகும். வேப்பெண்ணெய், மஞ்சள், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றின் மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். வேம்பில் பூச்சிகளை விரட்டும் சரக்கு உண்மையாகவே இருக்கிறது. ஆனால் புண்ணான தோலில் பூசினால் எரியும். நாய் அதை நக்கி விழுங்கும். மலசீஸியா கொழுப்பைத் தின்று வளரும் ஈஸ்ட். ஏற்கெனவே பிசுபிசுத்திருக்கும் தோலில், ஐப்பசி மழையின் ஈரக் காற்றில், மேலும் எண்ணெய் தடவுவது எந்த வகையிலும் உதவாது. குளித்த பிறகு விரலிடுக்கையும் அக்குளையும் உலரத் துடைப்பதும், நடந்து வந்ததும் பாதத்தை வெறும் தண்ணீரில் கழுவித் துடைப்பதும் இவற்றைவிட அதிகப் பலன் தரும்.

இனி உணவு. முல்லரும் ஒலிவ்ரியும் பாஸ்கல் பிரேலோவும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட தொகுப்பில், உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் விவரம் இருக்கிறது. அவற்றில் மாட்டிறைச்சி 34 சதவீத நாய்களுக்கும், பால் பொருட்கள் 17 சதவீதத்துக்கும், கோழி 15 சதவீதத்துக்கும், கோதுமை 13 சதவீதத்துக்கும் ஆகவில்லை. அரிசியும் மீனும் தலா 2 சதவீதம்தான். இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு ‘மாட்டிறைச்சிதான் மோசம், கோழி பரவாயில்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. ஒவ்வாமை என்பது உடல் பழகிய புரதத்தின் மேல் வருவது. மேல்நாட்டு நாய்கள் மாட்டிறைச்சியை அதிகம் தின்றன, அதனால் அது முதலிடத்தில் நிற்கிறது. நம் வீட்டு நாய் குட்டியிலிருந்து எதைத் தின்று வளர்ந்தது? கோழிச் சோறு, தயிர், பால், முட்டை, டீக்கடைப் பொறை, பிஸ்கட். ஆகவே இங்கே சந்தேகத்தைக் கோழியிலும் பாலிலும் கோதுமையிலும் தொடங்குவது நியாயம். இறைச்சியே இல்லாத வீட்டில் வளரும் நாய்க்கு உணவு ஒவ்வாமை வராது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த நாய் தினமும் சாப்பிடும் தயிரும் பாலும் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருப்பதை அப்படி நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். தானியம் இல்லாத தீவனத்துக்கு அதிக விலை கொடுப்பதற்கும் இந்த எண்களில் ஆதாரம் இல்லை. பட்டியலின் முதல் மூன்று இடங்களில் இருப்பவை விலங்குப் புரதங்கள்; தானியத்தில் கோதுமை மட்டுமே குறிப்பிடத்தக்க அளவில் இருக்கிறது.

‘ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடாதா?’ நியாயமான கேள்வி. விளம்பரங்களும் அப்படித்தான் சொல்கின்றன. நாய்க்கு எந்த உணவு ஆகாது என்று நம்பத்தக்க விதத்தில் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. உமிழ்நீரையும் ரோமத்தையும் தபாலில் வாங்கிச் சோதிக்கும் நிறுவனங்களின் நிலை இன்னும் மோசம். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வாமை உள்ள நாய், இல்லாத நாய்கள் ஆகியவற்றின் மாதிரிகளோடு செயற்கை ரோமத்தையும், உமிழ்நீருக்குப் பதில் உப்புநீரையும் சேர்த்து அனுப்பினார்கள். உயிரே இல்லாத அந்த மாதிரிக்கும் ஒவ்வாமைப் பட்டியல் வந்து சேர்ந்தது. இந்தச் சோதனைகளுக்குச் செலவழிக்கும் பணத்தில் சரியான உணவுச் சோதனை ஒன்றையே நடத்தி முடித்துவிடலாம்.

அந்தச் சோதனைக்கு வேண்டியது ஒன்றே: நாய் இதுவரை தின்றிராத ஒரு புரதம், ஒரு மாவுப்பொருள், இவற்றைத் தவிர வேறெதுவும் எட்டு வாரத்துக்கு அதன் வாயில் படக்கூடாது. ஏன் எட்டு வாரம்? உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஐந்து வாரத்தில் தேறின. எட்டு வாரத்தில்தான் 90 சதவீதத்தைத் தாண்டியது என்று 2015ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று காட்டியது. பத்து நாளில் ஒரு தீவனத்தை மதிப்பிட்டுத் தூக்கியெறியும் வழக்கம் ஏன் வீண் என்பது இதிலேயே தெரியும். கோழி தின்று வளர்ந்த நாய்க்குக் காடையும் வாத்தும் புதுப் புரதமாகாது; பறவை இறைச்சிகளின் புரதங்கள் ஒன்றையொன்று ஒத்தவை. பாலும் மாட்டிறைச்சியும் ஆகாத நாய்க்கு ஆட்டிறைச்சியும் சந்தேகத்துக்குரியதே. மீனே தின்றிராத நாய்க்கு முள் நீக்கி வேகவைத்த மீனும் உருளைக்கிழங்கும், அல்லது பன்றி இறைச்சியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நம் ஊரில் கிடைக்கும் நல்ல தேர்வுகள். உப்பு, மசாலா எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. அவற்றை எப்போதுமே கொடுக்கக் கூடாது. வீட்டில் இறைச்சி சமைக்க முடியாதவர்களுக்கு, புரதத்தை நுண்ணிய துண்டுகளாக உடைத்துச் செய்த ஹைட்ரலைஸ்டு தீவனம் இருக்கிறது. விலை அதிகம்தான், ஆனால் எட்டு வாரத்துக்கு மட்டுமே அது வேண்டும். கடையில் ‘மீன் மட்டும்’ என்று அச்சிட்டு விற்கும் சாதாரணத் தீவனத்தை இதற்கு நம்ப முடியாது. பையில் எழுதாத இறைச்சிகள் அத்தகைய தீவனங்களில் கலந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

சோதனை தோற்பது பெரும்பாலும் சமையலறையில் இல்லை, கூடத்தில்தான். தாத்தா காலைக் காப்பியோடு தரும் பிஸ்கட், குழந்தையின் தட்டிலிருந்து விழும் தோசைத் துண்டு, காவலாளி கொடுக்கும் பொறை, மாத்திரையை மறைத்துக் கொடுக்கும் வெண்ணெய் என்று எது போனாலும் கணக்கு தவறும். சுவையூட்டிய பூச்சி மாத்திரை, குடற்புழு மாத்திரைகளிலும் இறைச்சிச் சத்து இருக்கலாம்; அந்த எட்டு வாரத்துக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தைக் கேட்டு வாங்குவது நல்லது. பாசத்தோடு ஊட்டும் கையைத் தடுப்பது நம் குடும்பங்களில் எளிதல்ல என்பது தெரியும். வீட்டில் உள்ள எல்லோரையும் உட்காரவைத்து, இது இரண்டு மாதத்து மருந்து என்று சொல்லிப் புரியவைத்த பிறகே தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டுப் பாதியில் விடுவதைவிட ஒரு மாதம் தள்ளித் தொடங்குவது மேல்.

இங்கே ஒரு கனமான ஆட்சேபம் இருக்கிறது. எட்டு வாரம் நாய் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பதா, ஓர் ஊசி போட்டால் அன்றிரவே தூங்குகிறதே என்பார்கள். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், சந்தேகமில்லை. கடுமையான அரிப்பில் குறுகிய காலத்துக்கு அது தேவையும்கூட. அதை நீண்ட காலம் திரும்பத் திரும்பக் கொடுக்கும்போதுதான் நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், சிறுநீர் கழிக்கும், பசியால் அலையும், வயிறு தொங்கும், தோல் மெலியும், தொற்று இன்னும் சுலபமாக ஏறும். அரிப்புச் செய்தியை நரம்புக்குக் கொண்டுசெல்லும் பாதையைத் தடுக்கும் ஆக்லாசிட்டினிப் என்ற மாத்திரை 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஸ்டீராய்டின் இந்தக் கோளாறுகள் பெரும்பாலும் அதில் இல்லை. உணவுச் சோதனையின் முதல் வாரங்களில் இவற்றில் ஒன்றைக் கொடுத்து நாயின் வேதனையைக் குறைக்கலாம். பிறகு மருந்தை நிறுத்திவிட்டு அரிப்பு திரும்புகிறதா என்று பார்க்கலாம். நாயின் வேதனையைத் தணிப்பதும் காரணத்தைத் தேடுவதும் இப்படி ஒரே நேரத்தில் நடக்க முடியும். மருந்தோடு தேடலையும் நிறுத்திவிடுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

ஒவ்வாமையே இல்லாத நாய்க்கும் உணவு தோலைப் பாதிக்கும் என்பது தனி விஷயம். தயிர்சாதத்திலேயே வளரும் நாயின் ரோமம் மங்கிச் செதில் உதிர்வதற்குப் புரதக் குறைவும், லினோலெயிக் அமிலம் என்ற இன்றியமையாத கொழுப்பின் குறைவும் காரணமாக இருக்கலாம். சென்னை வெயிலிலும் ஆசையாக வாங்கப்படும் ஹஸ்கிக்குத் துத்தநாகத்தைக் குடலில் உறிஞ்சும் திறன் பிறவியிலேயே குறைந்திருக்கக்கூடும். கண்ணையும் வாயையும் சுற்றித் தோல் தடித்துப் பொருக்குத் தட்டினால் மருத்துவர் அதையும் யோசிக்க வேண்டும். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 கொழுப்பு அழற்சியைத் தணிக்கும். மத்தி மீனில் அது ஏராளம். ஆளி விதையைவிட மீனே நாய்க்கு ஏற்றது, ஏனெனில் தாவரத்தில் உள்ள ஒமேகா 3ஐ நாயின் உடல் மிகக் குறைந்த அளவே பயனுள்ள வடிவத்துக்கு மாற்றும். ஆனால் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். அது தனியாக அரிப்பை நிறுத்தும் மருந்தும் அல்ல, மற்ற மருந்துகளின் அளவைக் குறைக்க உதவும் துணை. மீன் உணவுச் சோதனையில் இருக்கும் நாய்க்கு இது தானாகவே போய்ச் சேர்கிறது. வேறு புரதத்தில் இருக்கும் நாய்க்குச் சோதனை முடிந்த பிறகு தொடங்கலாம். வீட்டுச் சமையலை வாழ்நாள் உணவாக்க விரும்புகிறவர்கள் மருத்துவரிடம் சத்துக் கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டும். அமெரிக்காவில் 2013இல் 200 நாய் உணவுக் குறிப்புகளை ஆராய்ந்தபோது 95 சதவீதத்தில் ஒரு சத்தாவது குறைந்திருந்தது. வளர்ந்த நாய்க்கு எட்டு வாரம் தாங்கும், குட்டிக்குத் தாங்காது.

எட்டு வாரம் முடிந்து அரிப்பு நின்றிருந்தாலும் வேலை முடியவில்லை. பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். தேறிய நாயை மறுபடி சொறியவிடுவதா என்று பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். மனம் புரிகிறது, ஆனால் இது இல்லாமல் எதுவும் நிரூபணமாகாது. பருவம் மாறியதாலோ பூச்சி ஒழிந்ததாலோகூட நாய் தேறியிருக்கலாம். உணவுதான் காரணம் என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பும். சோதனை உணவுக்குப் போனதும் மறுபடி அடங்கும். அதன் பிறகு கோழி, தயிர், முட்டை, கோதுமை என்று ஒவ்வொன்றாக, இரண்டிரண்டு வாரம் விட்டுக் கொடுத்தால் எது ஆகாது என்று பெயரோடு தெரிந்துவிடும். ஒவ்வாத அந்த ஒன்றை விலக்கிவிட்டு மற்றதெல்லாம் கொடுக்கலாம்.

எட்டு வாரமும் ஒழுங்காகக் கடைப்பிடித்தும் அரிப்பு குறையவில்லை என்றால், வீட்டுத் தூசிச் சிற்றுண்ணி, புல், மகரந்தம் போன்றவற்றால் வரும் அடோபிக் ஒவ்வாமையே மிச்சம். லாப்ரடார், பக், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் இது அதிகம். பெரும்பாலும் மூன்று வயதுக்குள் தொடங்கி, முன்னங்கால் பாதங்களிலும் காதுகளின் உட்புறத்திலும் தெரியும். அதற்கு முழுத் தீர்வு கிடையாது. வாராவாரம் படுக்கை விரிப்பைக் கொதிநீரில் அலசுவது, தோலுக்கு ஏற்ற ஷாம்பு, ஆண்டு முழுவதும் பூச்சித் தடுப்பு, தேவைப்படும்போது மருந்து என்று சர்க்கரை நோயைப் போலக் கட்டுக்குள் வைத்து வாழவேண்டியது அது. அந்த நாயின் தட்டிலிருந்து எடுத்த கோழியைத் திரும்ப வைத்துவிடலாம்.